ரிச்சி தெரு பவர் ஸ்டேஷன்: புயலுக்கு வாங்கலாம், காட்டுத்தீக்கு வேண்டாம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். பெட்டி நல்ல பெட்டி. கரண்ட் போனால் கை கொடுக்கும். ஆனால் அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் மூன்று படம் போட்டிருக்கிறார்கள்: பைன் மரக்காடு பற்றி எரிகிறது, காற்றில் ஒரு மரம் வளைந்து நிற்கிறது, இருட்டு வீட்டில் ஒரு குடும்பம் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறது. மூன்றாவது படம் உண்மை. இரண்டாவது பாதி உண்மை. முதல் படத்தை நம்பி யாராவது காசு கொடுக்கப் போகிறார்கள் என்றால் அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாமான் என்னவென்றால், போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன். கைப்பிடி வைத்த பெட்டி, உள்ளே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் இன்வர்ட்டரும் சேர்ந்தே இருக்கும். நான் வாங்கியதன் கொள்ளளவு 512 வாட் அவர், ஒரே நேரத்தில் 500 வாட் வரை தாங்கும், எடை ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு சாக்கெட், ஒரு 12 வோல்ட் டி.சி. வாய், நாலு யு.எஸ்.பி., பக்கவாட்டில் ஒரு எல்.இ.டி. பட்டை. மடிக்கிற 100 வாட் சோலார் பேனலோடு சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. பிராண்ட் பெயர் போடப்போவதில்லை, ஏனென்றால் இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் நாலு கடையில் உட்கார்ந்திருக்கிறது, பெயரைச் சொல்லி உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

வாங்கிய காரணம் இரண்டு வீடு. நான் இருப்பது சென்னையின் தெற்கு ஓரத்தில் நன்மங்கலம், காப்புக்காட்டை ஒட்டிய பக்கம். சித்தப்பாவும் சித்தியும் இருப்பது கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில், காப்பித் தோட்டத்துக்கு நடுவில். இரண்டு இடத்திலும் மரம் அதிகம், காற்று அடித்தால் முதலில் போவது கரண்ட். இங்கே வைத்துப் பார்த்துவிட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று திட்டம்.

ரிச்சி தெருவைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு போகாதீர்கள், அன்றைக்கு எமர்ஜென்சி லைட் விலையே வேறு. நான் போனது வெயில் காலத்தில், மீரான் சாகிப் தெருப் பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு சின்னக் கடை. கடைத் தம்பி நன்றாகவே பேசினார், பெட்டியைத் திறந்து ஒரு டேபிள் ஃபேனை மாட்டி ஓட்டிக் காட்டினார், பியூர் சைன் வேவ்தானா (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையா) என்று கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொன்னார். இது வரைக்கும் முழு மார்க்.

அப்புறம் ஒரு வேலை செய்தார். "மேடம், இந்த ஒயரையும் எடுத்துக்கோங்க, வீடு முழுக்க லைட் எரியும், 250 ரூபாதான்" என்று கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு ஒயரை எடுத்துப் போட்டார். இரண்டு முனையிலும் ப்ளக். ஒரு முனையைப் பெட்டியில் செருகி இன்னொரு முனையைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் வீட்டு ஒயரிங் முழுக்கக் கரண்ட் பாயும் என்பது கணக்கு. "மெயினை ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது மேடம், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க." அந்த "எல்லாரும்" என்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புயல் நேரத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கிறவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். மெயினை ஆஃப் செய்ய ஒருமுறை மறந்தால் போதும், உங்கள் வீட்டு மின்சாரம் மீட்டர் வழியாகப் பின்னோக்கித் தெருவுக்குப் போகும். ஜெனரேட்டராக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறி 11,000 வோல்ட் லைனையே உயிரோடு வைக்கும். சின்னப் பெட்டி ஓவர்லோட் ஆகி அணைந்துவிடும் என்று வாதாடலாம், ஆனால் மரம் விழுந்து லைன் அறுந்திருக்கிறபோது உங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது கம்பத்திலிருந்து தொங்குகிற அந்த ஒரு துண்டு ஒயர் மட்டும்தான் என்றால் அணைய வேண்டிய அவசியமே இல்லை. கரண்ட் இல்லை என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறுகிற வயர்மேன் அதைத்தான் தொடுவார். ஒயரை ஒரு பக்கம் உருவினால் வெளியே தெரிகிற பின்னிலேயே 230 வோல்ட் இருக்கும், வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். நடுவில் ஈ.பி. கரண்ட் வந்துவிட்டால் பெட்டியும் காலி. வீடு முழுக்க எரிய வேண்டும் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஈ.பி. லைனும் பெட்டியும் ஒன்றாகச் சேரவே விடாத சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துத் தேவையானதை மட்டும் அதில் மாட்டுங்கள். ஒயரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன், தம்பி தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளுக்கு அதையே நீட்டினார். கடைக்கு ஒரு நட்சத்திரம் இங்கேதான் போனது.

இனி பெட்டி. அதில் எழுதியிருக்கிற 512-ஐ அப்படியே நம்பி வகுத்துப் பார்க்காதீர்கள். சாக்கெட் பட்டனை அழுத்திய உடனே உள்ளே இருக்கிற இன்வர்ட்டர், நீங்கள் எதையும் மாட்டாவிட்டாலும், தன் பாட்டுக்கு ஒன்பது பத்து வாட் சாப்பிட ஆரம்பிக்கிறது. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிறபோது இன்னும் கொஞ்சம் போகும். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ஐந்தரை மணி நேரம் ஓடியது, அதாவது ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் விடியும் முன்பே வேர்த்து எழுந்துவிடுவீர்கள். முப்பது வாட்டுக்குள் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் பதினோரு மணி நேரத்தைத் தாண்டியது. இந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகு என் அபிப்பிராயம், பெரிய பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள். மூவாயிரம் சொச்சத்தில் பெட்டியின் கொள்ளளவு இரண்டு மடங்கான மாதிரி.

வைஃபை ரவுட்டர் விஷயம் இன்னும் வேடிக்கை. சாக்கெட்டில் அதன் அடாப்டரோடு மாட்டினால் ஒரு நாள் தாக்குப் பிடிக்கிறது. அதே ரவுட்டரை 12 வோல்ட் வாயில் நேராக மாட்டி, சாக்கெட் பட்டனை அணைத்துவிட்டால் கிட்டத்தட்ட இரண்டு நாள். வித்தியாசம் முழுக்க அந்த இன்வர்ட்டர் சும்மா தின்பதுதான். இதற்கு ஏற்ற டி.சி. கேபிளைப் பெட்டியோடு தரவில்லை, தெருவிலேயே தனியாக 80 ரூபாய்க்கு வாங்கினேன். ரவுட்டருக்கு அடியில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள், ஒன்பது வோல்ட் ரவுட்டரும் உண்டு.

ஃபிரிட்ஜ் ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஓடும்போது 110 வாட்தான், ஆனால் கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும், இரண்டாவது மூன்றாவது முறை சில சமயம் எடுக்கும். இன்வர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புது ஃபிரிட்ஜ் என்றால் சத்தமில்லாமல் ஓடுகிறது. எப்படியும் கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும், பாலையும் மீனையும் அதற்குள் தீர்த்துவிடுங்கள், ஃபிரிட்ஜுக்காக இந்தப் பேட்டரியைக் கொளுத்த வேண்டாம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள், அட்டையைப் படித்துப் பாருங்கள், உபயோகத்தில் இருக்கிற பேனாவை 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வெளியில் வைக்கலாம் என்றுதான் பெரும்பாலானதில் போட்டிருக்கும். புயல் வருகிற கார்த்திகை மாதத்தில் ஈரத்துணி சுற்றிய மண்பானையே போதும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்த ராத்திரி பெட்டிக்கு நிஜமான பரீட்சை. மதியத்திலிருந்தே கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, இருட்டிய பிறகு மொத்தமாகப் போய்விட்டது. காட்டுப் பக்கமிருந்து கிளைகள் முறிகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது, காம்பவுண்டு ஓரம் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்து ஹாலில் ஒருவரும் படுக்கவில்லை, எல்லோரும் உள் அறையில். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடித்தபோது சென்னையில் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் சாய்ந்த அளவுக்கு வேம்பும் புன்னையும் சாயவில்லை என்பது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதனால் அந்த மரத்தைப் பற்றி எனக்கு எப்போதும் சந்தேகம்தான். ஒரு ஃபேன், ரவுட்டர், ஒரு எல்.இ.டி. பட்டை, வீட்டு போன்கள், அப்புறம் எதிர் வீட்டிலிருந்து வந்த போன்கள் எல்லாம் ஓடியும் விடியற்காலை டிஸ்ப்ளேயில் 20 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. மெழுகுவர்த்தி ஒன்றுகூடக் கொளுத்தவில்லை. ஜன்னல் சரியாகச் சாத்தாத வீட்டில் காற்றடிக்கிற ராத்திரி மெழுகுவர்த்தியைத் திரைச்சீலை பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

சாதாரண இன்வர்ட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான், வெள்ளம். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஐம்பது அறுபது கிலோ, பெரும்பாலும் தரைத்தளத்தில் ஏணிப்படிக்குக் கீழே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் தண்ணீர் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் எத்தனை வீட்டில் அந்தப் பேட்டரி தண்ணீருக்குள் போனது என்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். இந்தப் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடலாம். விலையில் பார்த்தால் இன்வர்ட்டர்தான் லாபம், அதே காசுக்கு மூன்று மடங்கு நேரம் வரும், அதை மறுக்கவில்லை.

சோலார் பேனல் மட்டும் ஏமாற்றம். 100 வாட் என்று எழுதியிருக்கிறது, நல்ல மே மாத வெயிலில் மொட்டை மாடியில் சூரியனைப் பார்க்கச் சாய்த்து வைத்தால் 65, 70 காட்டும். புயல் மேகத்தில் 10 காட்டினால் பெரிது. கரண்ட் போகிற நாளில் வெயிலும் போய்விடுகிறது என்பதை விளம்பரத்தில் எழுத மாட்டார்கள். வர்தா மாதிரிப் புயல் கடந்த மறுநாளே வானம் வெளுத்து, கரண்ட் மட்டும் நாள்கணக்கில் வராமல் இருந்தால் பேனல் பிரயோஜனப்படும். கீழ்மலையில் மூடுபனி நாளில் சுத்தமாக ஒன்றும் இல்லை.

கீழ்மலைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடை ரோடு வரை, அங்கிருந்து வத்தலக்குண்டு பஸ், அப்புறம் ஊத்து வழியாக மேலே. மடியில் வைத்துக்கொண்டே போகலாம் என்கிற எடைதான். சித்தப்பா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இம்புட்டுக் காசுக்கு ஒரு பெட்டியா? இதுக்கு நாலு டார்ச் லைட்டும் ஒரு வருசத்துக்குப் பேட்டரி செல்லும் வாங்கியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம். அங்கே இரண்டு காற்றுக் காலம். ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் புயல் உள்ளே வந்தால் இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, வலு குறைந்தாலும் கொடைக்கானல் மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தால் பஸ்ஸும் இல்லை, லைன் பார்க்க வருகிற ஆளும் இல்லை. காப்பிக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக் வேகமாக வளரும், காற்றில் கிளை சடக்கென்று முறியும், அதனால் ஆனிக்கு முன்னாடியே கவாத்து எடுத்துவிடுவார்கள். வீட்டின் மேலும் லைனின் மேலும் சாய்கிற கிளையை முதலில் எடுக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் சட்டம். லைனை ஒட்டிய கிளைக்கு மட்டும் ஈ.பி. ஆள் வந்து கரண்டை நிறுத்திய பிறகுதான் அரிவாள்.

அங்கே பெட்டி எதற்கு உதவியது என்றால், முதலில் சித்தியின் நெபுலைசருக்கு, மருந்தை மூச்சோடு இழுக்க வைக்கிற மெஷின் அது. அவருக்கு வீசிங் உண்டு. பத்து நிமிடம் ஓடினால் பெட்டியில் ஐந்து சதவீதம்கூட இறங்கவில்லை, நாள் முழுக்க அவ்வப்போது தேவைப்பட்டாலும் தாங்கும். கிணற்று மோட்டாருக்கு உதவாது. ஒரு எச்.பி. என்றாலே 746 வாட், கிளம்பும்போது அதைவிட எத்தனையோ மடங்கு, பெட்டி கிட்டேயே போகாது. காற்று எச்சரிக்கை வந்தால் மேல்தொட்டியை நிரப்பி வைப்பதுதான் வழி. போனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு சிக்னலுக்குக் காத்திருந்ததும் நடந்தது. டவரின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது, அதற்கு டீசல் கொண்டு வருகிற வண்டி மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அப்போது செய்தி சொன்னது சித்தப்பாவின் செல் போட்ட டிரான்சிஸ்டர்தான், 100.5-இல் கொடை பண்பலை. அவர் சொன்ன பாதி நியாயம் இதுதான்.

இப்போது அந்தப் பைன் மரப் படத்துக்கு வருகிறேன். அந்தப் படம் கலிபோர்னியாவுக்காகப் போட்டது. அங்கே மழையில்லாத நீண்ட கோடைக்குப் பிறகு, அக்டோபர் நவம்பரில் உள்நாட்டிலிருந்து வறண்ட காற்று மலை இறங்கி அடிக்கும். அந்தக் காற்றில் லைன் அறுந்து பொறி விழுந்தால் காடு பற்றும். 2018 நவம்பர் 8-ஆம் தேதி பாரடைஸ் என்கிற ஊரையே அழித்த தீ அப்படி மின்கம்பியில் கிளம்பியதுதான், 85 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பலத்த காற்று வரும் என்று தெரிந்தால் மின் நிறுவனமே முன்கூட்டிக் கரண்டை நிறுத்திவிடுகிறது, 2019 அக்டோபரில் லட்சக்கணக்கான வீடுகளை அப்படி இருட்டாக்கினார்கள். ஆக அங்கே காற்று, தீ, கரண்ட் இல்லாமை மூன்றும் ஒரே வாரத்தில் ஒன்றாக வரும், ஒரே அட்டைப்பெட்டியில் மூன்று படமும் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

நம் ஊரில் அப்படியில்லை. நமக்குப் புயலும் மழையும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, காடு நனைந்து கிடக்கிற காலம். தீ வருவது பிப்ரவரியிலிருந்து மே வரை, இலை உதிர்ந்து புல் காய்ந்து சருகு முழங்கால் அளவு கிடக்கிற காலம், அதுவும் பெரும்பாலும் மனிதன் போட்ட நெருப்பில். நன்மங்கலத்தில்கூட கோடையில் குப்பைக்கு வைத்த தீ புதருக்குள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் கரண்ட் பெரிய பிரச்சினையே இல்லை. இன்னும் முக்கியமான விஷயம், புயலில் வீட்டுக்குள் இருக்க வேண்டும், தீயில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக்குள் வசதியாக இருக்க வைக்கிற சாமான் இது. அதைத் தீக்கு என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் அங்கே இருந்த ஒரு மார்ச்சில் தோட்டத்துக்குக் கீழே எதிர்ச்சரிவில் தீ ஏறியது. பகலில் வெறும் புகை, ராத்திரியில்தான் ஆரஞ்சுக் கோடு தெரிந்தது. தீ மேட்டில்தான் வேகமாக ஓடும், கீழேயிருந்து வருகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும், சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பார்கள். வனத்துறை ஆட்களும் ஊர்க்காரர்களும் பச்சைக் குழையை ஒடித்து அடித்து அணைத்தார்கள், சருகை ஊதித் தள்ளுகிற மெஷினால் கோடு போட்டார்கள். ஏற்கெனவே ஜனவரியில் வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடு இருந்ததால்தான் ஓடைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. சித்தப்பா அன்றைக்குச் செய்த வேலை ஒவ்வொன்றும் காசில்லாதது. ஓட்டுக்கூரையின் மடிப்பில் அடைந்திருந்த சருகைத் துடைப்பத்தால் தள்ளினார், சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டார், கேஸ் சிலிண்டரை மூடினார், ஜீப்பைத் திருப்பி ரோட்டைப் பார்க்க நிறுத்தினார், பட்டா, ரேஷன் கார்டு இருக்கிற பையை சீட்டில் வைத்தார். சித்தியை மட்டும் ஆரஞ்சுக் கோடு தெரிவதற்கு முன்பே, புகை வாடை வந்த உடனே வத்தலக்குண்டு அனுப்பிவிட்டார்.

சித்தி கிளம்பும்போது நெபுலைசருக்காக இந்தப் பெட்டியையும் எடுத்து வைக்கச் சொன்னார். தேவையே இல்லை. வீசிங் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு இன்ஹேலரோடு, அதன் வாயில் மாட்டுகிற ஸ்பேசர் குழாய் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் பயன்படுத்தினால் பெரும்பாலும் நெபுலைசருக்குக் குறைவில்லை, கரண்டும் வேண்டாம். புகைக்கு நனைத்த துண்டு கட்டுவது பழைய வழக்கம், ஆனால் நுண்துகள் அதில் நிற்காது, என்95 மாஸ்க்தான் தடுக்கும், அதுவும் மூக்கோரம் இறுக்கிப் போட்டால். இருபது முப்பது ரூபாய் மாஸ்க், நானூறு ஐந்நூறு ரூபாய் ஸ்பேசர், ஒரு துடைப்பம். தீக்கு இவைதான் பொருள், 38,000 ரூபாய் பெட்டி அல்ல.

சென்னையிலிருந்து மலைக்குப் போகிறவர்களுக்காக ஒன்று. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்த் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. காய்ந்த புல் சரிவு அது. தீ கீழே தெரிந்தால் மேலே ஓடாதீர்கள், பக்கவாட்டில், பாறையோ ரோடோ ஓடையோ ஏற்கெனவே எரிந்து கறுத்த தரையோ இருக்கிற பக்கம் போங்கள். தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுகிறது, ஆனால் "ஒரு லோக்கல் ஆள் கூட்டிப் போவார்" என்று சொல்கிற தங்கும் விடுதிகள் இன்னும் இருக்கின்றன. அப்படிச் சொன்னால் அறையையே கேன்சல் செய்யலாம். காட்டோரம் வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்கள் டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைக்கு போன் நம்பரைப் பதிவு செய்து வையுங்கள், காசு கிடையாது. செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் கடக்கும் என்பதால் தகவல் தாமதமாகலாம், மூக்கையும் நம்புங்கள். தீயணைப்புக்கு 101, பேரிடர் உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநிலத்துக்கு 1070, கரண்ட் சமாச்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. இதைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சர்வீஸ் பற்றிச் சுருக்கமாக. சில மாதத்தில் 12 வோல்ட் வாய் லூசாகிவிட்டது. வாரன்ட்டி அட்டையில் இருந்த நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை, எடுத்தவர் கூரியரில் அனுப்பச் சொன்னார், லித்தியம் பேட்டரி என்றதும் கூரியர்காரர் மறுத்துவிட்டார். கடைசியில் கடைத் தம்பிதான் பில்லைப் பார்த்துவிட்டு வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தார். அந்தப் போன ஒரு நட்சத்திரத்தில் பாதியை இதற்காகத் திருப்பிக் கொடுக்கிறேன். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு மாற்றிக் கிடைத்தது அந்தத் தாளினால்தான்.

மொத்தத்தில் சென்னை வீட்டுக்கு, அதுவும் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கும் வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கும், ஐந்துக்கு நாலு. மலைத் தோட்டத்துக்கு மூன்று. தீக்கு என்று கேட்டால் மார்க் போட ஒன்றுமில்லை. வாங்கினால் சும்மா கிடக்கும்போது 60, 70 சதவீதத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்குங்கள், புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கு நூறு ஆக்குங்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேனல் வேண்டாம், பெட்டி மட்டும் போதும் என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒன்பதாயிரம் வரைக்கும் குறையும், சொல்லிப் பாருங்கள்.